பட்டன் போனோடு மூன்று வருடம்

வாங்கப் போன அன்று கடைப் பையன் கேட்டான்: "அப்பாவுக்கா அண்ணா?" எனக்குத்தான் என்றேன். "ரெண்டாவது போனா?" என்றான். ஒரே போன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். 1,300 ரூபாய்க்குள்தான் ஆயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம், குறைகளையும் சொல்லப் போகிறேன்.

எனக்குப் பட்டன் போன் புதிதல்ல. 2004-ல் வாங்கிய முதல் போன் நோக்கியா 1100. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். தலையில் டார்ச், தூசி புகாத கீபேட். அதற்கு முந்தின வருடம்தான் இன்கமிங்குக்குக் காசு பிடிப்பது நின்றிருந்தது. அவுட்கோயிங்குக்குக் காசு உண்டு என்பதால் எங்கள் வீட்டில் மிஸ்டு கால்தான் பாஷை. ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். மூன்றாவதும் அடித்தால் நிஜமாகவே விஷயம் இருக்கிறது, எடுக்க வேண்டும். இந்தக் கணக்கு அம்மாவிடம் மட்டும் செல்லாது. முதல் ரிங்கிலேயே எடுத்து "சொல்லு கண்ணு" என்பார். காசு போச்சு. பண்டிகை நாட்களில் எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்பதும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தீபாவளி வாழ்த்தை முந்தின இரவு பதினொன்றரைக்கே அனுப்பி முடித்துவிட்டுத்தான் தூங்கப் போவோம்.

அப்புறம் டச் போன், 2016-ல் ஜியோ வந்ததும் தண்ணீர் மாதிரி டேட்டா. எதற்காகப் போனை எடுத்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிஸ்பாட்ச் பிரிவில். ஒருநாள் லாரி டிரைவர் சலானை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் யாரோ பரோட்டா வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பார்த்து முடிச்சிட்டே போடுங்க சார், அவசரமில்ல" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் உறைத்தது. அந்த வாரமே மாறிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டால் வியாழன், வெள்ளி வரை நிற்கிறது. பைக்கிலிருந்து இரண்டு தடவை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வருடம் பேட்டரி உப்பிப் பின்மூடி மேலே எழும்பியது. நகத்தாலேயே மூடியைத் திறந்து, 150 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். டச் போனில் இதற்குக் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் சிம்மைக் கவனியுங்கள். என்னுடையது 2ஜி போன். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, ஆகவே அந்த சிம் இதில் எடுக்காது. 4ஜி பட்டன் போன் என்று கேட்டு வாங்க வேண்டும். ரீசார்ஜ் விஷயத்தில் ரொம்ப நாள் எரிச்சல் இருந்தது. தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு கம்பெனிகளைக் கண்காணிக்கும் டிராய் உத்தரவு போட்ட பிறகு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகள் வந்தன. இப்போது 84 நாளுக்கு ஒரு முறை அதைப் போடுகிறேன்.

எஸ்எம்எஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் அனுப்ப ஆரம்பித்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த 70-ம் முழுசாக நம் கைக்கு வராது. 'சாப்பிட்டாயா' என்பது நமக்கு ஆறு எழுத்து. போன் அதைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. காலும் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி எழுத்து. 'சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா' என்று கேட்பதற்குள் கிட்டத்தட்ட பாதி காலி. டைப் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்குக் கூப்பிட்டே கேட்டுவிடலாம் என்று பெரும்பாலும் கூப்பிட்டுவிடுவேன். அம்மாவோடு பேசுவது கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி குறைகள். இன்பாக்ஸ் நிரம்பிவிட்டால் புது மெசேஜ் உள்ளே வராது. நிரம்பியது தெரிய நான் பட்ட பாடு: சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று ஓடிபி கேட்கிறார், வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னார், அதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால் நானூறு சொச்சம் மெசேஜ். முக்கால்வாசி கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று கேட்பவை. மொத்தமாக அழிக்கலாம் என்றால் பேங்க் மெசேஜும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி மோர் கொடுத்தாள்.

பணம் கொடுப்பது அதைவிட மோசம். பட்டன் போனுக்கென்றே 2022-ல் யுபிஐ 123பே வந்திருக்கிறது. நம்பருக்குக் கூப்பிட்டு, குரல் சொல்லச் சொல்ல எண்களை அழுத்தி அனுப்பலாம். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் நின்று அதைச் செய்ய எனக்குக் கூச்சம். ஆகவே சட்டைப்பையில் சில்லறை, பெரிய தொகை என்றால் மனைவியின் போன். கரண்ட் பில், பஸ் டிக்கெட், மகளின் பள்ளி ஆப் எல்லாம் அவள் தலையில். "உங்களுக்கு ஒரு போன் குறைஞ்சது, எனக்கு ஒரு ஆளோட வேலை கூடிருச்சு" என்றாள் ஒருநாள். பதில் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து ஆசைப்படும் நண்பர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான்.

ஆனால் உண்மையாக வலித்தது வேறு. போன வருடம் உடுமலைப் பக்கம் எங்கள் பெரியப்பா தவறிவிட்டார். விடிகாலையில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குரூப்பில் மனைவி கிடையாது. நான் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டேன். போன் சட்டைப்பையில்தான் இருந்தது, சிக்னலும் முழுசாக. மத்தியானம் அத்தை கூப்பிட்டு "எங்க கண்ணு இருக்கே, பக்கம் வந்துட்டியா?" என்று கேட்டபோதுதான் தெரியும். உக்கடத்தில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "குரூப்ல போட்டாச்சே." முன்பெல்லாம் இழவு சொல்ல ஆள் வரும். அப்புறம் போன் வரும். இப்போது என் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நான் விட்டுவந்தது வீடியோவையும் ஃபார்வர்டையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

டச் போன் வாங்கிவிடலாம் என்று இரண்டு வாரம் விலை பார்த்தேன். அதற்குள் சித்தப்பா மகன் ஒரு வழி செய்தான். குரூப்பில் நல்லது கெட்டது எது வந்தாலும் அவன் எனக்குக் கூப்பிட்டுச் சொல்கிறான். சென்ற வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை படித்தான். குலதெய்வம் துணை, நிகழும் மங்களகரமான என்று ஒன்றுவிடாமல். "முகூர்த்தமும் மண்டபமும் மட்டும் சொல்லுடா" என்றேன். "இருங்கண்ணா, பட்டத்தையெல்லாம் பேருக்குப் பின்னாடி எப்படிப் போட்டிருக்காங்கன்னு கேளுங்க" என்று தொடர்ந்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். அப்புறம் அவன் தோட்டத்துப் போர்வெல், என் மகளின் பல்வலி என்று இருபது நிமிடம் ஓடிற்று.