கல் மூங்கில் ஏணியும் தொரட்டியும்: நான்கு ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் சாலையோர மூங்கில் மண்டி ஒன்றில் நான்கு ஆண்டுகளுக்கு முன் மூன்று பொருள்கள் வாங்கினேன். 14 அடி ஏணி ஒன்று, மாங்காய் பறிக்க 18 அடித் தொரட்டிக் கழி ஒன்று, மகனுக்குச் சிலம்பக் கம்பு ஒன்று. மூன்றும் கல் மூங்கிலில் செய்தவை. அதற்கு முன் வேறோர் ஊரில் வாங்கிய சாதாரண மூங்கில் ஏணி, இரண்டாம் ஆண்டே படி செருகியிருந்த துளையிலிருந்து மேலும் கீழுமாகப் பிளந்துவிட்டது. நல்ல வேளையாக அப்போது ஏணியில் யாரும் இல்லை. அந்தப் பயத்தில்தான் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை கொடுத்து இதை வாங்கினேன். கொடுத்த விலைக்கு இது முழுத் தகுதியானது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

கல் மூங்கில் என்பது தாவரவியலில் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் எனப்படும் காட்டு இனம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட சரிவுகளில் தானாக வளர்வது. ஆற்றோரங்களில் முள்ளோடு அடர்ந்து நிற்கும் பெரிய முள் மூங்கிலைவிட மெலிந்தது, ஆனால் அதைவிடக் கெட்டியானது. மற்ற மூங்கில்களில் நடுவே அகன்ற குழல் இருக்க, இதில் சதை தடித்துக் குழல் சுருங்கிவிடுகிறது. பாறையும் வெயிலும் மிகுந்த இடத்தில் வளர்ந்த கழிகளில் குழலே இல்லாமல் போவதும் உண்டு. என் ஏணிக்காலின் அடி வெட்டைப் பார்த்தால், ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை தெரிகிறது. சுற்றிலும் கருமையான நார்ப்புள்ளிகள், ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் கலைந்தும், எள் தூவியது போல இருக்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த நார்தான். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் கழியைத் துளைத்தாக வேண்டும். குழல் மூங்கிலில் அந்தத் துளை மெல்லிய சுவரில் விழுவதால் நார்வாக்கில் விரிசல் ஓடுகிறது, கெட்டி மூங்கிலிலோ படி முழுச் சதைக்குள் இறுகி உட்கார்ந்துவிடுகிறது. நான்கு மழைக்காலம் கண்ட பின்னும் என் ஏணியில் ஒரு படிகூட ஆடவில்லை.

இந்த இனத்தின் பெயரைச் சொல்லி விற்கும் எல்லாக் கழியும் கெட்டியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நீர்ப்பாங்கான நிலத்தில் நட்டு வளர்த்தால் இதே மூங்கில் குழல் விட்டுவிடும். மண்டியில் இருந்த பெரியவர், "வெட்டு வாயைப் பார்த்து வாங்குங்க தம்பி, மேல பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். மூங்கில் வாங்குவதைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள பேச்சு இல்லை. வயதையும் பார்க்க வேண்டும். மூங்கில் முளைத்த சில மாதங்களிலேயே தன் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. அதன் பிறகு பருமன் கூடுவதில்லை, சதைதான் முற்றுகிறது. அது முற்ற மூன்று ஆண்டுகளாவது ஆகும். கழியில் வெண்பொடி படிந்து கணுவில் உறை ஒட்டியிருந்தால் அது இளசு, வாங்க வேண்டாம்.

தொரட்டிக் கழியைப் பற்றி ஒரு குறை உண்டு. கெட்டி என்பதாலேயே அது கனக்கிறது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கால் மணி நேரம் பறித்தால் தோள் வலிக்கிறது. என் மனைவி அதைத் தொடுவதே இல்லை. பறிப்பதற்கு மட்டும் என்றால் நுனி மெலிந்த, லேசான குழல் மூங்கிலே போதும் என்பது என் கருத்து.

சிலம்பக் கம்பு மகனின் புருவ உயரத்துக்கு அளந்து வெட்டியது. கழி இயல்பாகவே சற்று வளைந்திருந்ததால், கணுக்களைச் சீவி, தணலில் வாட்டி, எண்ணெய் தடவி நிமிர்த்திக் கொடுத்தார்கள். அடிக்கு அடி வாங்கியும் இதுவரை சிம்பு கிளம்பவில்லை. காவலர்களின் லத்திக்கு இந்த மூங்கிலைக் காலங்காலமாகத் தேர்ந்ததன் காரணம் கையில் பிடித்துப் பார்த்தால் விளங்கும்.

உளுப்பதுதான் எந்த மூங்கிலுக்கும் பெரிய எதிரி. முதல் ஆண்டில் ஏணியின் மேல் முனைக்குக் கீழே தரையில் மஞ்சள் மாவு போலக் கொஞ்சம் தூள் விழுந்திருந்தது. வண்டு துளைத்த அடையாளம் அது. மூங்கிலில் தங்கியிருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் இந்த வண்டு வருகிறது. வெட்டிய கழியைச் சில வாரம் நீரில் ஊறப் போட்டால் அந்தச் சத்து குறையும் என்பதால், ஊறப் போட்ட சரக்கா என்று கேட்டு வாங்குவது அவசியம். நான் கேட்காமல் விட்டேன். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரைத் துளைகளிலும் வெட்டு முனைகளிலும் பலமுறை பூசி உலரவிட்ட பிறகு தூள் விழுவது நின்றது.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கினார்கள். அதனால் பட்டா நிலத்து மூங்கிலை வெட்டி விற்பது எளிதாகியிருக்கிறது. காட்டு மூங்கிலுக்கு இந்த விலக்கு இல்லை. நான் வாங்கிய மண்டியில் கேட்டதும் ரசீதையும் சரக்கு வந்த ஊரையும் தயங்காமல் காட்டினார்கள். மழைக்காலத்தில் வெட்டிய கழி விரைவில் உளுத்துவிடும் என்பதால், தை, மாசியில் போய்ப் பார்ப்பது நல்லது. தம்பி வீட்டுக்கு 16 அடியில் ஓர் ஏணி வேண்டும் என்று அங்கேயே வரும் மாசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை கழிகளை ஊறப் போட்ட பிறகே துளையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.