டாம்கேட்: டெபியன் பொதியா, டார் கோப்பா?

ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டை, டெபியன் லினக்ஸில் அதன் தயார் பொதியாகவும் நிறுவலாம், டார் என்ற தொகுப்புக் கோப்பாக இறக்கியும் நிறுவலாம். டெபியன் 12-இல் பொதிகளை நிறுவும் ஏபிடி கட்டளை ஒன்று போதும். டாம்கேட் 10, அதற்கெனத் தனிப் பயனர், அதைப் பின்னணியில் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி சேவை எல்லாம் தானாக வந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வழக்கமான அப்டேட்டோடு வந்து சேரும். புதிய செயலி என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வோம். அந்தச் சேவைக் கோப்பில் 'புரொடெக்ட்சிஸ்டம்' ஸ்ட்ரிக்ட் என்று இருக்கும்; அதாவது அனுமதித்த அடைவுகளைத் தவிர வேறெங்கும் எழுத முடியாது. அதனால் செயலி வேறொரு அடைவில் படத்தைச் சேமிக்கப் போனால், கோப்பு அனுமதிகளை மாற்றும் சிஎச்மாடில் எவ்வளவு தளர்த்தினாலும் 'ரீட் ஒன்லி' என்றே பிழை வரும். ஒரு மாலை முழுக்க நான் அனுமதிகளையே மாற்றிக்கொண்டிருந்தேன். சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் அடைவைச் சேர்த்த பிறகுதான் சரியானது.

டார் கோப்பை இறக்கி விரித்தால் பதிப்பு உங்கள் கையில். பழைய செயலியில் ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் இம்போர்ட் இருந்தால் டாம்கேட் 10-இல் அப்படியே ஓடாது. அங்கே அந்தப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. 9-ஐ இறக்குவதே எளிது. அப்புறம், ஜாவா நிறுவப்பட்ட இடத்தைச் சொல்லும் ஜாவா ஹோமை 'பின்' (bin) அடைவிலுள்ள செட்என்வ் கோப்பில் எழுதுங்கள். உங்கள் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதினால் சிஸ்டம்டி படிக்காது. பயனர், சேவைக் கோப்பு எல்லாம் நீங்களே உருவாக்க வேண்டும். திருத்தங்கள் வெளிவருவதையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டால் சர்வர் ஓட்டையோடே ஓடும்.