ஆகமன காலமா, லெந்து காலமா?

டெல்டாவில் சபை நடத்துகிற போதகரிடம் இந்த இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஆகமனம் என்பேன். ஆகமனம் என்பது கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கிற காலம்; அதன் 4 ஞாயிறும் வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகின்றன. சம்பா நெல் வயலில் நிற்கிறது, புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் ஆட்கள் மண்வெட்டியோடு தண்ணீர் வடிக்கப் போய்விடுகிறார்கள், நானோ பாதி காலியான பெஞ்சுகளைப் பார்த்து "காத்திருங்கள்" என்று பிரசங்கிக்கிறேன். (காத்திருப்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தரவா!) போன வருஷம் ஒரு அம்மா நனைந்த முந்தானையில் ஒரு கதிரை முடிந்து கொண்டுவந்து காட்டினார்: "பால் பிடிக்கிற நேரம் ஐயா, ஜெபம் பண்ணுங்க." அப்புறம் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் வேறு. கீபோர்டுக்குக் குடை உண்டு, எனக்குக் கிடையாது.

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம், வேறு மாதிரி. ஞாயிறுகளைக் கழித்து 40 நாள். அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து அதன் போக்கில் வளரும், கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். வெள்ளிக்கிழமை ஆராதனைக்குக் கூட்டம் வரும். ஆனால் உபவாசம் சாயங்காலம் வடையில் முடியும், அதுவும் உளுந்து வடை.

சரி, எனக்கு எது பிடிக்கும்? ஆகமனம்தான், அந்தக் காலி பெஞ்சுகளோடு சேர்த்து.