டைப்பிங் கடைக்கு லினக்ஸ் மின்ட் 22 சரிவருமா? மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு விமர்சனம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கமாக டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை என்னுடையது. திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள் என்றால் கடை திறக்கும்போதே மனு எழுத ஆட்கள் காத்திருப்பார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரி என்று பஸ் ஏறி வந்தவர்களிடம் "சிஸ்டம் ஓடல, நாளைக்கு வாங்க" என்று சொல்ல வாய் வராது. அதனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: மக்கர் செய்தால், என்ன கோளாறு என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது, நாங்களே சரிசெய்துகொள்ள முடிகிறதா? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ஐயும் அப்படித்தான் பார்த்தேன். திரை அழகாக இருக்கிறதா என்பதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள்.

எங்கள் மெஷின் ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் மெஷினை, ஒருசில விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்வதில்லை. சர்வீஸ் கடையில் கேட்டேன். "புதுசு வாங்கிடுங்க மேடம்" என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தம்பி வந்து மின்ட் 22-இல் சின்னமன் என்ற திரை அமைப்போடு வரும் பதிப்பை ஏற்றிக் கொடுத்தான். 2024 ஜூலையில் வந்த பதிப்பு இது. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் மேல் கட்டியது, 2029 வரை அப்டேட் உண்டு, விலை கிடையாது. 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி.

முதலில் பிரிண்டர், ஏனென்றால் எங்கள் சாப்பாடு அதில்தான். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். புது பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தனியாக டிரைவரே வேண்டாம். செருகியதும் தானாகப் பெயர் வந்து நிற்கும். சிரமம் பழைய லேசர் பிரிண்டர்களில்தான். ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் நிலையாகத் தங்காது. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பிவைக்க வேண்டும். அந்த ஃபர்ம்வேர் கட்டற்ற (யாரும் பகிரலாம், மாற்றலாம் என்ற) உரிமத்தில் இல்லை, அதனால் மின்டோடு சேர்ந்து வராது. ஹெச்பிலிப் என்ற தொகுப்பின் வழியாகப் பிளகின் என்ற துணைக் கோப்பு ஒன்றைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். பலருக்குத் தெரியாத சங்கதி இதற்கு அடுத்தது. பிளகினின் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்டேட்டில் ஹெச்பிலிப் மட்டும் மேலே போய்விட்டால், நேற்று வரை அச்சடித்த பிரிண்டர் இன்று விளக்கு எரிய சும்மா உட்கார்ந்திருக்கும். பிரிண்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிளகினை மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

அடிக்கடி வருவது இன்னொன்று. பேப்பர் சிக்கினாலோ, அச்சடிக்கும்போது கேபிள் கழன்றாலோ, கப்ஸ் அந்த பிரிண்டரை 'பாஸ்' செய்து, அதாவது தற்காலிகமாக நிறுத்தி, வைத்துவிடுவது உண்டு. பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் மாறாது. நின்றுகிடப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வரிசை. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து 631 என்று போட்டால் கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே 'ரெஸ்யூம்' (மறுபடி தொடங்கு) கொடுக்க வேண்டியதுதான். எதனால் நின்றது என்றும் பெரும்பாலும் அங்கேயே ஒரு வரி எழுதியிருக்கும். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் "அக்கா, பாஸ் ஆயிடுச்சு, நானே எடுத்துட்டேன்" என்று அவளே சொல்கிறாள்.

மின்ட் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது மழைக்காலத்தில். பாதிப் பக்கம் அடித்துவிட்டு பிரிண்டர் நின்று நின்று போனது. டிரைவரா, கேபிளா, பிரிண்டரா என்று புரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் முன்பெல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குத்தான் ஓடுவோம். தம்பி போனில், "அக்கா, மெனுவுல லாக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதத் தொறந்து வச்சுக்கிட்டு பிரிண்ட் குடு" என்றான். கொடுத்தேன். பிரிண்டர் நின்ற அதே நொடியில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி. உடனே புது எண்ணோடு மறுபடி இணைந்ததாக இன்னொரு வரி. திரும்பத் திரும்ப அதே போர்ட். டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கப் போர்ட்டுக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்கு அதிக தூரமில்லை. உப்புக் காற்று இந்த ஊரில் எதைத்தான் விட்டுவைத்தது. கேபிளைப் பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினோம். அவ்வளவுதான், ஒரு பைசா செலவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி வைத்து, கேட்டால் காட்டும் சிஸ்டம் எனக்குப் பிடிக்கிறது.

அடுத்தது தமிழ். நான் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். விரல் அந்த விசைப்பலகைக்குத்தான் பழகியிருக்கிறது. லினக்ஸில் இது கிடைக்காது என்றுதான் பயந்தேன். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால், தமிழ்99, ஃபொனடிக், இன்ஸ்கிரிப்ட் இவற்றோடு பழைய டைப்ரைட்டர் முறையும் பட்டியலில் இருக்கிறது. லாக் அவுட் செய்யாமல் "தமிழ் வரலையே" என்று தேடுகிறவர்கள் நிறைய பேர். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மின்ட் இதை முதலிலேயே போட்டுக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். நிறுவும்போது தமிழ் மொழியைத் தேர்ந்தெடுக்காதவர்கள் தாங்களே தேடித்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர்கள் பென்டிரைவில் கொண்டுவரும் கோப்புகள் தனிக் கதை. பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த மனு, கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம் எல்லாம் வரும். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். கோப்பு பழுதாகவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றும் முறையில் செய்தவை, எழுத்துரு இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடுகிறது. முறையாக வைத்திருக்கும் எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் தமிழ் தெரிந்துவிடும். மறைந்த ஃபோல்டர்களைப் பார்க்க கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். திருத்தி வைக்க வேண்டிய கோப்பு என்றால் எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுவது நல்லது, அடுத்தவர் மெஷினிலும் திறக்கும்.

லதா எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு வந்தால் வேறு தொல்லை. லதா விண்டோஸோடு வருவது, மின்டில் இருக்காது. மின்டின் ஆபீஸ் மென்பொருளான லிப்ரெஆபீஸ் அதற்குப் பதில் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், எழுத்து அகலம் மாறும், ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கம் ஆகிவிடும். பிடிஎஃப் ஆகவே வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. இன்னொன்றும் டைப்பிங் செய்கிறவர்களுக்கு முக்கியம்: லிப்ரெஆபீஸின் ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்தளவு, தமிழ் மாதிரி சிக்கலான எழுத்துகளுக்கு இன்னோர் எழுத்தளவு என்று தனித்தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தை 14 ஆக்கிவிட்டு 'தமிழ் மட்டும் ஏன் சின்னதாக நிற்கிறது' என்று பார்த்தால் காரணம் இதுதான்.

கரண்ட் கட் பற்றிச் சொல்லாமல் கடலூர்க் கடை விமர்சனம் முழுமையாகாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. யூபிஎஸ் பேட்டரி வயதாகிவிட்ட ஒரு நாளில், அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்தது. ஆனால் டிபிகேஜி (மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கருவி) வேலை பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லி அப்டேட் மேனேஜர் மேற்கொண்டு எதையும் ஏற்ற மறுத்தது. மெஷினை ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் (சில மெஷினில் எஸ்கேப்) எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு, பிறகு ரெக்கவரி. அங்கே ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது: இடம் காலி செய்ய ஒன்று, டிஸ்க்கைச் சோதிக்க ஒன்று, பாதியில் நின்ற தொகுப்புகளைச் சரிசெய்ய டிபிகேஜி என்று ஒன்று. டிபிகேஜி-யைத் தேர்ந்தெடுத்தோம். விட்ட இடத்திலிருந்து அதுவே முடித்துக்கொண்டது. ஒரு கட்டளைகூடத் தட்டவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்ததும் பயப்படுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்டேட் நேரத்தில் 'வேறொரு வேலை பூட்டி வைத்திருக்கிறது' என்று செய்தி வந்தால் கொஞ்ச நேரம் பொறுங்கள். பின்னால் இன்னோர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், முடிந்ததும் பூட்டு தானாகத் திறக்கும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள், அதில் தொகுப்புகள் குழம்பிப்போக வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே டைம்ஷிஃப்ட் இருக்கிறது. சிஸ்டத்தின் நிலையை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எது குலைந்தாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம். மெஷின் எழவே இல்லையென்றாலும் மின்ட் பென்டிரைவிலிருந்து திறந்து மீட்கலாம். மின்டில் எதைப் பாராட்டுவேன் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: இது சிஸ்டத்துக்கு மட்டும்தான். நம் மனுக்கள், பில்கள், வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது சாதாரணமாகச் சேர்த்துக்கொள்ளாது. அதற்குத் தனியாக வெளி டிஸ்க் வேண்டும். எஸ்எஸ்டி சின்னது என்றால் எத்தனை பிரதி வைப்பது என்பதையும் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இடம் அடைத்துக்கொள்ளும்.

சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்டிஎம்ஐ-யில் மானிட்டர் மாட்டியபின் சத்தம் வரவில்லையென்றால், சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். சவுண்ட் அமைப்பில் அவுட்புட்டை மாற்றுங்கள். வைஃபை தெரியவில்லையென்றால் போனை யூஎஸ்பி-யில் செருகி டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போட்டு, அந்த நெட்டை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கலாம், ஏனென்றால் மெஷினின் உள்கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் லினக்ஸ் உலக நேரமாகவும் எடுத்துக்கொள்கிறது. சின்னமன் திரை உறைந்துபோனால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்துங்கள், திறந்திருக்கும் கோப்புகள் அப்படியே இருக்க டெஸ்க்டாப் மட்டும் புதிதாக எழும்.

இனி, எங்கே சரிவரவில்லை. கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் ஃபிளக்ஸ் அடிக்கும் இடத்தில் கோரல்டிராவின் சிடிஆர் கோப்பு கேட்கும்போது கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிறது. விரல்ரேகை வைக்கும் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதற்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் கிடைத்தது. இந்த இரண்டு வேலைக்காகவும் ஒரு லேப்டாப்பை விண்டோஸிலேயே விட்டிருக்கிறேன். டிசைன் வேலைதான் முக்கியத் தொழில் என்றால் மின்டுக்கு முழுதாக மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மனு, பத்திரம், விண்ணப்பம், ஸ்கேன், ஜெராக்ஸ் என்று ஓடும் கடைக்கு தாராளமாகச் சொல்வேன்.

தம்பி மாதிரி ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கம் இருக்கிறது. இரண்டையும் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், தமிழிலேயே கேட்கலாம். கேட்கப் போகும்போது திரையில் வந்த பிழைச் செய்தியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 'ஓடல' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனும் இப்போது கேட்டிருக்கிறார். அவருடையது 4 ஜிபி மெஷின், அதனால் சின்னமனைவிட லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவிலிருந்தே மின்டைத் திறந்து, எதையும் நிறுவாமல், அவருடைய பிரிண்டரையும் ஸ்கேனரையும் வைஃபை-யையும் மாட்டிப் பார்க்கப்போகிறோம். பிரிண்ட் ஒழுங்காக வந்தால்தான் ஹார்டு டிஸ்க்கில் கை வைப்பது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.