இவான்டி கனெக்ட் செக்யூர்: பயன்படுத்தச் சுகம், காவலுக்கு நம்ப முடியவில்லை

வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன் பெட்டிகளில் நான் அதிக நாள் கையாண்டது இதைத்தான். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் ஹோஸ்ட் செக்கர் அருமை. உள்ளே வர நினைக்கும் லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். யாருக்கு எந்த சர்வர் என்று பிரித்துக் கொடுப்பதும் எளிது. பயனர்களிடமிருந்து எனக்குப் புகார் வந்ததே குறைவு.

ஆனால் புதிதாக வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு வழிவது.

உழக்கில் நாழி அரிசியைக் கொட்டினால் மீதி தரையில் சிந்தும். நினைவகத்தில் தரை என்று ஒன்று கிடையாது, பக்கத்தில் இருப்பது இன்னொரு தரவு. வழிவது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு) வேலையை முடித்துவிட்டு எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அதைத் தன் விருப்பப்படி மாற்றிவிட்டால் பெட்டி தாக்குபவன் சொன்னபடி ஆடும்.

2025 ஜனவரி 8 அன்று வெளிவந்த சிவிஇ-2025-0282 இதே கதைதான் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). கிளையன்ட் அனுப்பும் ஒரு விவரத்துக்கு 256 பைட் ஒதுக்கியிருந்தார்கள். நகலெடுக்கப் பாதுகாப்பானது என்று கருதப்படும் எஸ்டிஆர்-என்-காப்பி (strncpy) என்ற சி மொழி ஃபங்ஷனைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் அளவாகக் கொடுத்தது ஒதுக்கிய இடத்தின் நீளத்தை அல்ல, வந்த தரவின் நீளத்தை! அனுப்புபவனே அளவைத் தீர்மானிக்கிறான், அதுவும் லாகின் செய்யாமலே. 2024 டிசம்பர் நடுவிலிருந்தே இதை வைத்து ஆட்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள் என்று மேண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. நுழைந்தவர்கள் வைத்த ஒரு நிரல், அட்மின் அப்டேட் போடும்போது அதைத் தடுத்துவிட்டு, அப்டேட் நடப்பது போலவே பொய்யான முன்னேற்றப் பட்டையைக் காட்டியது. வேலை முடிந்தது என்று அந்த அட்மின் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்தது சிவிஇ-2025-22457. இணையக் கோரிக்கை எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு வரியைப் படிக்கும் இடத்தில் அதே வகை ஓட்டை. அங்கே இலக்கமும் புள்ளியும் மட்டும்தான் எழுத முடியும், அதனால் தொலைவிலிருந்து தாக்குபவன் தன் நிரலை ஓட்ட முடியாது என்று முடிவுசெய்து, பிப்ரவரியில் வந்த 22.7ஆர்2.6 பதிப்பில் சாதாரண பிழையாகச் சரிசெய்துவிட்டார்கள். மார்ச் நடுவில் தாக்குதல் தொடங்கிவிட்டது. பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது மேண்டியன்ட் கருத்து. ஏப்ரல் 3 அன்றுதான் இது தீவிரமானது என்ற அறிவிப்பே வந்தது. "தீவிரம் இல்லை" என்று போட்டிருக்கும் அப்டேட்டையும் தள்ளிப்போடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 2024 பிப்ரவரியில் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 9.1 என்ற பழைய பதிப்பு வரிசையின் ஃபர்ம்வேரைப் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) பிரித்துப் பார்த்தபோது, அடியில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 6.4, அதாவது 2013இல் வந்தது. பெர்ல் என்ற நிரல் மொழியின் பதிப்பு 5.6.1, அது 2001. நியோடெரிஸ் என்ற நிறுவனத்தில் பிறந்து நெட்ஸ்கிரீன், ஜூனிபர், பல்ஸ் செக்யூர் என்று கை மாறி 2020இல் இவான்டிக்கு வந்த சரக்கு இது. பழைய நிரல் அப்படியே கூட வந்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்புப் பெட்டிக்கு இது நியாயமே இல்லை.

சரி, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? முதலில் ஐசிடி என்ற நேர்மைச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள், ஆனால் அது சுத்தம் என்று சொன்னதோடு விட்டுவிடாதீர்கள், தாக்குபவர்கள் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சோதனையையும் ஏமாற்றியிருக்கிறார்கள். 0282க்கு இவான்டியே சொன்ன வழி, சோதனை சுத்தமாக வந்தாலும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடுவது. கொஞ்சம் கூடுதல் வேலைதான், செய்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அட்மின் கடவுச்சொல், சான்றிதழ்கள், பெட்டியில் சேமித்து வைத்திருக்கும் டொமைன் கணக்குகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. லாக் (பெட்டியில் நடந்ததன் பதிவு) எல்லாம் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குப் போக வேண்டும், ஏனென்றால் உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான்.

அப்புறம், இன்னும் 9.1 ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: அதற்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட்டது. 22457 ஓட்டை அதிலும் உண்டு, பேட்ச் வராது. இன்றைக்கே இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.