செல்லாத டிரைவ் பிழைக்கு ‘சப்ஸ்ட்’ கட்டளை எவ்வளவு கைகொடுக்கிறது?

ஒரு மென்பொருளின் நிறுவலுக்குச் சி டிரைவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் இடமும் தாராளமாக இருந்தது. இருந்தும் பச்சைப் பட்டை பாதி தூரம்கூட நகராமல் நிற்க, ‘பிழை 1327, செல்லாத டிரைவ்: எஃப்’ என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி முயன்றால் அதே பெட்டி வரும். மூடினால் நிறுவியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். என் கணினியில் எஃப் டிரைவே கிடையாது. முன்பு இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த எழுத்து இருந்தது. அதைக் கழற்றி வைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பெட்டியில் உள்ள சொற்களை நம்பி ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று கவலைப்படத் தேவையில்லை. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான ஃபோல்டர்கள் எங்கே இருக்கின்றன என்பதை விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. மென்பொருள்களை நிறுவித் தரும் விண்டோஸின் பகுதியான விண்டோஸ் இன்ஸ்டாலர் வேலையைத் தொடங்கும்போது அந்த முகவரிகளையும் சரிபார்க்கிறது. அவற்றில் ஒன்று இல்லாத டிரைவைச் சுட்டினாலும், நாம் மென்பொருளை வேறு எங்கே நிறுவச் சொல்லியிருந்தாலும், அது மேலே செல்ல மறுத்துவிடலாம். நான் அந்தப் பழைய டிஸ்க்குக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மாற்றி வைத்திருந்ததையே மறந்துபோயிருந்தேன்.

இந்த இடத்தில்தான் ‘சப்ஸ்ட்’ உதவுகிறது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் காலத்திலிருந்து தொடரும் இந்தக் கட்டளை, ஏற்கெனவே உள்ள ஒரு ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்து ஒன்றைத் தற்காலிகமாகச் சூட்டுகிறது. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘சப்ஸ்ட்’ என்று அடித்து, இடைவெளி விட்டுப் பிழைப்பெட்டி சொல்லும் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு ஃபோல்டரின் முழு முகவரியைத் தந்தால் போதும். சி டிரைவ் முழுவதையுமே அந்த எழுத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். புதிதாக ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி அதைக் கொடுப்பதே எனக்குப் பிடித்த முறை, ஏனெனில் நிறுவி அங்கே எதையாவது எழுதிவைத்தால் உடனே கண்ணில் படும். கட்டளை வெற்றி பெற்றால் திரையில் எந்தச் செய்தியும் வராது. நடந்ததா இல்லையா என்று அறிய ‘சப்ஸ்ட்’ என்ற சொல்லை மட்டும் தனியே அடித்தால், எந்த எழுத்து எந்த ஃபோல்டரைக் குறிக்கிறது என்று ஒரு வரி காட்டும்.

முதல் முறை இது எனக்குப் பலிக்கவில்லை. சாதாரணக் கமாண்ட் பிராம்ப்ட்டில் எழுத்தைச் சூட்டிவிட்டு, நிறுவியை நிர்வாகி அனுமதியுடன் இயக்கினேன். பெட்டி திரும்பவும் வந்தது. விண்டோஸ் விஸ்டாவில் தொடங்கிய பயனர் கணக்குக் கட்டுப்பாட்டின்படி, ஒரே ஆள் பயன்படுத்தினாலும் சாதாரண அனுமதியில் இயங்குபவையும் நிர்வாகி அனுமதியில் இயங்குபவையும் தனித்தனி அமர்வுகளாகவே நடத்தப்படுகின்றன. ஓர் அமர்வில் சூட்டிய எழுத்து மற்றதற்குத் தெரிவதில்லை. ஆகவே கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, எழுத்தைச் சூட்டி, அதே சன்னலிலிருந்தே நிறுவியையும் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தபோது நிறுவல் தடையின்றி முடிந்தது. அந்த எழுத்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தென்படாது; அது சாதாரண அமர்வில் இயங்குவதால் அப்படித்தான் இருக்கும்.

அலுவலக நெட்வொர்க் டிரைவை எழுத்திட்டு இணைத்திருப்பவர்களுக்கும் இதே காரணத்தால் 1327 வருவதுண்டு. அவர்களுக்குச் ‘சப்ஸ்ட்’ தேவையில்லை. நிர்வாகிச் சன்னலில் ‘நெட் யூஸ்’ கட்டளையால் அந்த டிரைவை மறுபடி இணைப்பதே நேர்வழி.

குறைகளும் உண்டு. பிழைப்பெட்டி சொல்லும் எழுத்தை டிஸ்க் இல்லாத டிவிடி டிரைவ் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால், ‘சப்ஸ்ட்’ ஏற்காது. முதலில் விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அந்த டிவிடி டிரைவின் எழுத்தை மாற்றியாக வேண்டும். கணினியை மறுதொடக்கம் செய்தால் சூட்டிய எழுத்து மறைந்துவிடும் என்பதால், நடுவில் மறுதொடக்கம் கேட்கும் பெரிய மென்பொருள்களுக்கு இது அரைகுறைத் துணைதான். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ரெஜிஸ்ட்ரியில் உள்ள தவறான முகவரி அப்படியே இருப்பது. அடுத்த அப்டேட்டின்போதோ, மென்பொருளை நீக்க முயலும்போதோ அதே பெட்டி திரும்பி வரலாம். எனக்கு மூன்றாம் வாரத்தில் வந்தது.

அதன் பிறகே ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தேன். கரண்ட் யூசர் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் ‘யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்’ கிடைக்கும். அதன் பக்கத்திலேயே ‘ஷெல் ஃபோல்டர்ஸ்’ என்றும் ஒன்று இருக்கும். இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையே அதற்குள் ஒரு பதிவாக இடப்பட்டிருப்பதால், குழப்பம் நேர வழியில்லை. நான் தேடிய பதிவின் பெயர் டாக்குமெண்ட்ஸ் அல்ல, ‘பெர்சனல்’. அதன் எதிரே கழற்றிய டிஸ்க்கின் எஃப் டிரைவ் முகவரி அப்படியே இருந்தது. முதலில் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்திவிட்டு, முகவரியை இரு சதவீதக் குறிகளுக்கு இடையே யூசர்புரொஃபைல் என்ற சொல்லும், அதன் பின் பின்சாய்வுக் கோடும் டாக்குமெண்ட்ஸ் என்ற பெயரும் வருமாறு மாற்றினேன். லோக்கல் மெஷின் பகுதியிலும் இதே பெயரில் ஓர் இடம் உண்டு. பொது ஃபோல்டர்களை இடம் மாற்றியவர்கள் அதையும் பார்ப்பது நல்லது.

ரெஜிஸ்ட்ரியைத் தொடத் தயங்குபவர்களுக்கும், அன்றே வேலை முடிய வேண்டியவர்களுக்கும் ‘சப்ஸ்ட்’ கட்டளையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்றரை தரலாம். ஒரே பிழையை இரண்டாம் முறை பார்த்தவர்கள் நேராக ‘பெர்சனல்’ பதிவிடம் போய்விட வேண்டும். நான் அதைத் திருத்தி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தபின், முன்பு நின்றுபோன அப்டேட்டை எந்த எழுத்தும் சூட்டாமல் ஓடவிட்டேன். இம்முறை பட்டை கடைசிவரை நகர்ந்தது.