புளியந்தீவில் ஒரு பழங்காசுக் கடை: அமெரிக்க வெள்ளி டொலர் தேடுவோருக்கு

மட்டக்களப்பு நகரில் பழங்காசு வேண்டுமென்றால் பெரும்பாலும் நகைக்கடைகளில்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். அங்கே வெள்ளிக் காசுக்கு எடைதான் விலை, ஆண்டையும் முத்திரையையும் எவரும் பார்ப்பதில்லை. புளியந்தீவுக் கடைத்தெருவிலுள்ள இந்தச் சிறிய கடை அதற்கு விலக்கு. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகளும் இலங்கைச் சதங்களும் நிறைந்த கண்ணாடி அலுமாரியில், அமெரிக்க வெள்ளி டொலர்களுக்கென்றே ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறார்கள்.

தட்டில் இருப்பவை பெரும்பாலும் மோர்கன் டொலர்கள். 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் அடிக்கப்பட்ட இக்காசின் எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டுவிட்டதால், எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்து ஒரு காசின் அருமையை மதிப்பிட முடியாது. நான் கையில் எடுத்துப் பார்த்த 1903ஆம் ஆண்டுக் காசு இதற்கு நல்ல சான்று. பின்புறத்தில் கழுகுக்குக் கீழே, இலை வளையத்தின் அடியில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே துலங்கும் அளவில் 'ஓ' என்ற எழுத்து இருந்தது; நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலையின் குறி அது. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருமார் வந்து பணியாற்றிய ஊர் எங்களுடையது என்பதால் அந்த எழுத்தின்மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு. 1962 வரை கிடைத்தற்கரியதாக மதிக்கப்பட்ட அந்தக் காசு, அவ்வாண்டு அமெரிக்கத் திறைசேரியின் இருப்பிலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்தது. கடைக்காரர் ஐயா இந்தக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் விலையைக் கூறினார். வாங்க வந்தவரின் ஆவலைக் குறைக்கும் உண்மையையும் முன்கூட்டியே சொல்லும் இப்பண்புக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன்.

"முதல்ல நிறுத்துப் பாருங்க மனே, விலையப் பிறகு பேசுவம்" என்று இலத்திரனியல் தராசை அவரே நம் பக்கம் தள்ளி வைக்கிறார். இழுப்பறையில் போலி வர்த்தக டொலர் ஒன்றையும் பாடத்துக்காக வைத்திருக்கிறார். ஆசிய வணிகத்துக்கென 1873இல் அடிக்கத் தொடங்கிய உண்மையான வர்த்தக டொலர் 27.2 கிராம் இருக்கும். சீன வணிகர்கள் பரிசோதித்துக் குத்திய சிறு முத்திரைகளும் பலவற்றில் காணப்படும். இந்தப் போலியிலும் அப்படிப்பட்ட முத்திரைகள் இருந்தன, ஆனால் காந்தத்தை அருகே கொண்டுபோனதும் காசு துள்ளி ஒட்டிக்கொண்டது. அதை ஒருமுறை கண்ணால் கண்டவர் எளிதில் ஏமாற மாட்டார்.

குறைகளும் உண்டு. சில காசுகளை மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரின் ஈர வெக்கையில் அவ்வகை உறை பச்சைப் பிசினாகக் கசிந்து வெள்ளியைக் கெடுத்துவிடும். மோர்கன் டொலர் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். இயல்பாகப் படிந்த கருமையை அழித்த காசைச் சேகரிப்பாளர் விரும்பார் என்று சொன்னபோது, அதைத் தட்டிலிருந்து எடுத்து வெள்ளி எடைக்கே தருவதாக ஒப்புக்கொண்டார்கள். விலைச்சீட்டு எதிலும் இல்லை. உள்ளே வெளிச்சமும் போதாது என்பதால் காலையில், வாசலோரம் கொண்டுவந்து பார்ப்பதே நல்லது.

அரிய காசுகளுக்கு இந்தக் கடை போதாது. வெறும் 100,000 மட்டுமே அடிக்கப்பட்ட 1893ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ டொலரைப் போன்றவற்றில், வேறு நாணயச்சாலைக் காசில் சான் பிரான்சிஸ்கோவின் குறியான 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கும் மோசடி உலகமெங்கும் நடக்கிறது. எடையும் வெள்ளியும் அங்கே சரியாகவே இருக்கும் என்பதால் தராசும் காந்தமும் உதவா. அப்படியொன்றை யார் கொண்டுவந்தாலும், காசுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின் முத்திரையிட்ட உறையில் இல்லாவிட்டால் தாம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை என்று ஐயா உறுதியாகச் சொல்கிறார்.